நவதிருப்பதியும் நிழற்சித்திரமும்

ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றித் தாமிரபரணியின் இரு கரைகளிலும் அமைந்த ஒன்பது விஷ்ணு ஸ்தலங்களை நவக்கிரகங்களுக்கு உரியனவாக்கி, சூரியனுக்கு ஸ்ரீவைகுண்டம், சந்திரனுக்கு நத்தம், குருவுக்கு ஆழ்வார்திருநகரி, சனிக்குப் பெருங்குளம் என்று வகுத்துக்கொண்டு, விடியலில் புறப்பட்டுப் பொழுது சாய்வதற்குள் ஆகாயம் முழுவதையும் சேவித்துத் திரும்பும் வழக்கம் நெல்லைச் சீமைக்கு உரியது. வானசாஸ்திரக் கணக்கின்படி 180 பாகை விலகி எதிரெதிரே நிற்க வேண்டிய ராகுவும் கேதுவும் இங்கே இரட்டைத் திருப்பதியில் அண்டை வீட்டார். அவ்வூரின் பழம்பெயராகிய தொலைவில்லிமங்கலத்தைத் 'தொலைவு இல்லாத ஊர்' என்று பிரித்துப் படிக்க எனக்கு ஆசை உண்டு, பண்டிதர்கள் பொறுத்தருள்க. ஆனால் இந்த ஏற்பாட்டில் கிரகங்கள் அசைவதில்லை. சேவிக்க வந்தவன்தான் நகர்கிறான்.

அசைவைக் காட்டும் கலை இந்தப் பக்கத்தில் வேறோர் இடத்தில் இருந்தது. மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பத்தார், ஆட்டுத்தோலில் வெட்டி வர்ணந்தீட்டிய பாவைகளை விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவே ஆட்டி, நெல்லை, குமரி கிராமங்களில் இராமகதை நடத்தினார்கள். வானசாஸ்திரத்துக்காக அவர்கள் திரை கட்டவில்லை என்பது மெய்யே. எனினும், திரையோடு ஒட்டிய பாவையின் நிழல் கருமையாக விழுவதையும், அதையே விளக்கின் பக்கம் பின்னுக்கு இழுத்தால் விளிம்பு கலங்கி வெளிறிப்போவதையும் கண்டவனுக்கு, 2010 ஜனவரி 15-இல் கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் தெரிந்த கங்கண கிரகணம் பாதி விளங்கியதுபோலத்தான். பூமியாகிய திரையைவிட்டுச் சந்திரன் அன்று அதிக தூரம் விலகி நின்றதால் அதன் கருநிழலின் முனை தரையைத் தொடவில்லை.

பாளையங்கோட்டையில் ஊழியம் புரிந்த ரேனியஸ் ஐயர் 1832-இல் 'பூமி சாஸ்திரம்' வெளியிட்ட பிறகு, விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பு நெடுங்காலம் எழுத்தின்மேலேயே விழுந்தது. அதைச் சுமந்தவர்களில் தலையாயவரான பெ. நா. அப்புஸ்வாமி, 1891-இல், சனி பகவானின் ஊரான அதே பெருங்குளத்தில் பிறந்து, வக்கீல் தொழிலுக்கிடையே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் எழுதினார். ஹாலி வால்நட்சத்திரம் 1910-இல் வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அது மறுபடி வந்த 1986-இல் அவர் காலமானார். அசையாத சொல்லைக்கொண்டு அசையும் வானத்தைச் சொல்லவேண்டிய சங்கடம் அவர் தலைமுறை முழுவதற்கும் இருந்தது.

மறு ஆண்டே, 1987-இல், நெல்லையின் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. காற்றால் உப்பிய துணிக் கூடாரமொன்றினுள் குனிந்து நுழைந்து, தரையில் சம்மணமிட்டு, விசிறியின் இரைச்சலுக்கு நடுவே அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு, 1923-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஸைஸ் நிறுவனத்தார் முதன்முதல் காட்டிய கோளரங்க வித்தையின் எளிய வடிவம் கிடைத்தது. ஓர் இரவு சில நிமிஷங்களில் சுழன்று முடிந்தது.

அனிமேஷன் என்னும் சலனசித்திரத்தின் முழுப் பெருமை, என் அபிப்பிராயத்தில், கிரகம் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும் வக்கிர கதியை விளக்குவதில்தான் இருக்கிறது. செவ்வாய் வக்கிரம் என்று பஞ்சாங்கத்தில் கண்டு கலங்கிய வீடுகள் எத்தனையோ. திருச்செந்தூர் சாலையில் நம் பஸ் முந்திச் செல்லும்போது, மற்ற பஸ், தூரத்துப் பனைகளின் பின்னணியில், பின்வாங்குவதுபோல் தோன்றுகிறதல்லவா? பூமி செவ்வாயை முந்தும் அந்தச் சில வாரங்களைச் சித்திரத்தில் மேலிருந்து பார்த்தால், பத்துப் பக்கக் கட்டுரை பத்து விநாடியில் முடிந்துவிடுகிறது. சூரியனும் கிரகங்களும் ஒரே திரையில் அடங்குவதற்காகத் தூரத்தைச் சுருக்கிப் பருமனைப் பெருக்கிக் காட்டும் பொய் அதில் உண்டு. நவதிருப்பதியிலும் அந்தப் பொய் உண்டு.

2023 ஆகஸ்ட் 23 மாலை, விக்ரம் விண்கலம் சந்திரனில் இறங்கியபோது, தேசம் முழுவதும் மூச்சடக்கிப் பார்த்ததும் சித்திரமே. விக்ரமை ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் விகாஸ், கிரையோஜெனிக் என்ஜின்கள் நெல்லை ஜில்லாவின் தென்கோடியிலுள்ள மகேந்திரகிரியில் பரீட்சிக்கப்படுபவை. வளைகோடுகளுக்குப் பக்கத்தில் மெள்ளச் சரிந்து நிமிர்ந்த அந்த வரைபாவை, விண்கலம் அனுப்பிய சமிக்ஞைகளைப் பின்பற்றியே அசைந்தது. அதை ஆட்டிய கோலின் நீளம் ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர்.