எம்டனின் நிலக்கரிக் கணக்கு

எங்கள் ஊரில் காரியக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்பார்கள். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்த நாளில் இந்தத் தேடல் தொடங்கியது.

சம்பவம் எல்லோரும் அறிந்ததுதான். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கு. கேப்டன் கார்ல் வான் முல்லரின் ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றிக்கொண்டன. எரிந்துபோன எண்ணெய் சுமார் 3,46,000 காலன் என்கிறார்கள். குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

என் சந்தேகம் வேறு. கப்பல் ஆளை இறக்கவில்லை, ஊரைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் எண்ணெயைக் கொளுத்திவிட்டுப் போவதற்கா இத்தனை தூரம் வந்தது?

முதலில் எல்லோரும் போகும் வழியில்தான் போனேன். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார், சென்னையைக் காட்டிக்கொடுத்தவரே அவர்தான் என்பது நம் பக்கத்துக் கதை. தேதிகளை அடுக்கினாலே கதை நிற்கவில்லை. எம்டன் சீனக் கரையில் ஜெர்மானியர் கையிலிருந்த சிங்தாவை விட்டுக் கிளம்பியது ஜூலை 31. செப்டம்பரில் பிள்ளை சூரிச்சில் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். பெர்லினுக்குப் போனதே அக்டோபரில்தான். ஒரே ஆள் ஆல்ப்ஸ் மலையடியிலும் வங்கக் கடலிலும் இருக்க முடியாது. அந்த வழியை அடைத்தேன்.

அடுத்துப் பழைய செய்தித்தாள்கள். மைக்ரோஃபிலிம் சுருளை உருட்டும்போது கண் யுத்தச் செய்திக்குத்தான் ஓடும். பொடி எழுத்தில் கப்பல் வரத்துப் போக்கு அச்சாகியிருக்கும் பத்தியைத் தாண்டித் தாண்டிப் போனேன். எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற பட்டியல் அது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களை முல்லர் உன்னிப்பாகப் படித்தார் என்று பிறகு தெரிந்தபோது சுரீரென்றது. நான் தாண்டிப்போன பத்திதான் அவருக்கு உளவாளி.

அதற்குப் பிறகு குண்டுகளை விட்டுவிட்டு ஒரு தாளில் கோடு போட்டேன். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நிலக்கரி. எம்டனின் கிடங்கில் அதிகபட்சம் சுமார் 860 டன் கொள்ளும். 12 நாட் வேகத்தில் போனால் சுமார் 3,760 கடல் மைல் வரும். விரட்டி ஓட்டினால் அதுவும் வராது. கொழும்பு, சென்னை, கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் ஆங்கிலேயர் கையில். டச்சுக்காரர்களோ நடுநிலை, சுமத்ராவை ஒட்டிய சிமலூரில் ஒதுங்கிய எம்டனை 24 மணி நேரத்துக்கு மேல் தங்கவிடவில்லை.

தாள் நிரம்பியது. கூடவே வந்த கரிக்கப்பல் மார்கோமானியாவில் கொஞ்சம் கரி. செப்டம்பர் 10 வாக்கில் பிடிபட்ட கிரேக்கக் கப்பல் பொன்டொபோரஸில் சுமார் 6,500 டன் இந்தியக் கரி. புகை கக்கும் மட்டரகம், கப்பலை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதே நாளில் சிக்கிய இன்டஸில் கப்பலாட்கள் ஏங்கிக் கிடந்த சோப்புப் பெட்டிகள். செப்டம்பர் 27-ல் மினிக்காய்ப் பக்கம் பிடிபட்டது ப்யூரெஸ்க். ஆங்கிலேயக் கடற்படைக்கென்று போன சுமார் 6,600 டன் முதல்தர வேல்ஸ் கரி. துறைமுகம் இல்லாத கப்பல் எதிரியின் துறைமுகங்களுக்கு இடையில் ஓடிய சரக்கையே தின்று வாழ்ந்திருக்கிறது.

அப்புறம் சென்னைக்குத் திரும்பிப் பார்த்தேன். எரிந்த எண்ணெய், ரங்கூன் பக்கத்திலிருந்து கடல் வழியாக வந்து நம் வீட்டு விளக்குகளில் எரிந்த கிருஷ்ணாயில். போனது ஒரு கம்பெனியின் இருப்பு. அடுத்த சரக்கு வந்தால் தொட்டி நிரம்பிவிடும். ஆனால் அடுத்த கப்பல் கிளம்ப வேண்டுமே! சென்னைக்கு முன்பே, இத்தாலியக் கப்பல் லொரெடானோ எம்டனைப் பார்த்த செய்தியைச் சொன்னதும் கல்கத்தாவில் கப்பல்கள் கட்டிப்போடப்பட்டன. துறைமுகத்துக்குக் கல்லும் பாரந்தூக்கியும் இருந்தால் போதாது. கடலுக்குப் போனால் திரும்பி வரலாம் என்ற தைரியம் கப்பல்காரனுக்கும், சரக்கு அனுப்புகிறவனுக்கும், இன்ஷூரன்ஸ் போடுகிறவனுக்கும் இருக்க வேண்டும். முல்லர் சுட்டது அந்தத் தைரியத்தை. எண்ணெய்த் தொட்டி, பத்து மைலுக்கு அப்பாலும் தெரியும் தீப்பந்தமாக அவருக்கு உதவியது.

தாளின் கடைசி வரிகளுக்கு வந்தேன். அக்டோபர் 12-ல் யார்மத் என்ற ஆங்கிலேயக் கப்பல் மார்கோமானியாவை மூழ்கடித்து, பொன்டொபோரஸை மீட்டது. நவம்பர் 7-ல் சிங்தாவ் ஜப்பானியர் வசமானது. எம்டனுக்குச் சொந்தமென்று இருந்த ஒரே துறைமுகமும் போயிற்று. நவம்பர் 9 காலை, கோக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கிவிட்டு, கரி போட ப்யூரெஸ்க்கை வரச்சொல்லிக் காத்திருந்தார் முல்லர்.

அடிவானத்தில் புகை தெரிந்தது. நம் கரிக்கப்பல்தான் என்று முதலில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி. சில மணி நேரத்தில் எம்டன் பவழப் பாறையில் மோதிக் கிடந்தது. என் தாளில் இடப்பக்கம் அந்தத் தேதியை எழுதினேன். வலப்பக்கம் எழுத எதுவும் இல்லை.