மேளத்தைப் பெட்டிக்குள் அடைத்த கதை



பாடசாலை விழா என்றால் இப்போது ஒரு கீபோட்டும் லப்டொப்பும் போதும் என்றாகிவிட்டது. கரம்பொன்னிலும் அப்படித்தான், வேலணையிலும் நயினாதீவிலும் அப்படித்தான். "சேர், இதில மிருதங்கம் ஏன் தகரத்தில தட்டின மாதிரிக் கேக்குது?" என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம், ஆறுதலாக வாசியுங்கள்.

சாதாரணத் தோல் மேளத்தில் அடித்தால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் அதில் சுருதி தெளிவாக நிற்காது. மிருதங்கத்திலும் தபேலாவிலும் மட்டும் ஏன் நிற்கிறது? 1920இல் கல்கத்தாவிலிருந்து சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். 1934இல் ராமன் இன்னும் விரிவாக எழுதினார். தோலின் நடுவில் பூசும் கறுப்புக் கரணைதான் காரணம். அதன் பாரம் துணை ஒலிகளை இழுத்துப் பிடித்து, அடிப்படை ஒலியின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்துகிறது, வீணைத் தந்தியில் நடப்பதைப் போல. ராமன் கணக்கில் காட்டியதை, மேளம் கட்டுபவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் அறிந்து வைத்திருந்தார்கள். ஆகவே வேறொரு மேளத்தின் ஒலியை எடுத்துச் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கினால் அது மிருதங்கம் ஆகாது. பிள்ளைகள் சொன்ன தகரச் சத்தத்துக்குப் பாதி விடை இது.

மீதிப் பாதி இயந்திரங்களின் கதை. 1980இல் இரண்டு பெட்டிகள் வந்தன. அமெரிக்காவில் ரொஜர் லின் செய்த எல்எம்-1, உண்மையான மேளங்களைப் பதிவுசெய்து நினைவகத்தில் வைத்துத் திருப்பி ஒலித்தது. நினைவகம் அப்போது யானை விலை. நீண்டு ஒலிக்கும் பெரிய சிம்பலுக்கு இடமில்லாமல் அதை விட்டுவிட்டார்கள். ஜப்பானில் றோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808 எதையும் பதிவுசெய்யவில்லை; மின்சுற்றாலேயே ஒலியை உண்டாக்கியது. அதன் சரசரப்புக்காக, தரத்தில் தவறிய டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கிப் போட்டதாக நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி பிறகு சொன்னார். அந்தப் பழுதான ஒலிதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பாட்டுகளில் கேட்கிறது.

1983இல் மிடி வந்தது. ஒரு நிறுவனத்தின் கீபோட்டும் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியும் ஒரே மொழியில் பேசத் தொடங்கின. 1991இல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒலிப்பட்டியல் ஒன்றையும் வகுத்தார்கள். சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது. மேளங்களின் வரிசையில் பொங்கோ, கொங்கா எல்லாம் இருக்கின்றன. தபேலா இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லவே இல்லை. யாரும் வஞ்சகம் செய்ததாக நாங்கள் நினைக்கவில்லை. பட்டியல் போட்ட மேசையில் எங்கள் ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்ச் சினிமா காத்திருக்கவில்லை. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தன் வீட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கூடம் அமைத்த காலம் அது. அப்போது நாங்கள் எப்படி இருந்தோம் என்று ஊருக்குத் தெரியும். 1990இல் தீவுகள் வெறிச்சோடின. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கிடந்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள் எங்கள் சனம். சுற்றும் கை களைத்தால் பாட்டும் களைக்கும்.

1996இல் ஸ்டெயின்பேர்க் நிறுவனம் விஎஸ்டி முறையை வெளியிட்டது. 1999இல் அதன் இரண்டாம் பதிப்போடு இசைக்கருவியே மென்பொருளாகிக் கணினிக்குள் புகுந்தது. இனிப் பெட்டி வேண்டாம். ஆனால் பழைய பழுதுகள் கூடவே வந்தன.

பிள்ளைகள் அடிக்கடி படும் பாட்டைச் சொல்கிறோம். தட்டியபின் ஒலி பிந்தி வருகிறதா? கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு பெரிதாக இருக்கிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 என்று வைத்தால் அதற்கே 23 மில்லிவினாடி போகும்; 256 என்றால் ஆறுக்குள் அடங்கும். மிகக் குறைத்தால் கணினி திணறிப் படபடக்கும், நடுவில் ஓரிடம் பிடிக்க வேண்டும். விரைவாகத் தட்டினால் இயந்திரத் துவக்குப் போல வெடிக்கிறதா? ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலிப்பதால் அப்படி. கை ஒருமுறை அடித்தது போல மறுமுறை அடிக்காது. அதனால் நல்ல மென்பொருளில் ஒரே சொல்லுக்குப் பல பதிவுகள் மாறி மாறி வரும். மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் தனித்தனியாக இருக்கும்.

சாப்பு விழுந்த கார்வை அடுத்த 'த' விழுந்த பிறகும் இழுபட்டால், இரண்டையும் ஒரே தடைக்குழுவில் போடுங்கள்; பிந்தியது முந்தியதை வெட்டும். 808இல் மூடிய ஹைஹெட் திறந்ததை வெட்டியது இப்படித்தான். மிகவும் கடினமானது தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி. அது ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஒலி. நின்ற ஒலியை வளைத்துப் பார்க்கலாம், பாதிதான் வரும். கும்கியைக் கும்கியாகவே பதிவுசெய்வதுதான் மேல்.

எதைப் பதிவுசெய்வது என்பதுதான் எங்களை உறுத்துகிறது. தவில் என்றால் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி என்று தமிழ்நாடே சொன்ன மண் இது; அவர் 1975இலேயே போய்விட்டார். மென்பொருளில் கிடைக்கும் தவில் எங்கோ யாரோ வாசித்தது. விரலில் மாட்டிய கூடு வலந்தலையில் எழுப்பும் வெடிப்பும், கழி தொப்பியில் இறங்கும் கனமும் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் தீவுகளின் கூத்து மத்தளம், சாவீட்டுப் பறை, எங்கள் பாவாமார் றாத்தீபுக்குத் தட்டும் தப், இவை எந்தப் பட்டியலிலும் இல்லை. தட்டத் தெரிந்தவர்களோ வயதாளிகள், பலர் கனடாவிலும் பிரான்சிலும்.

போனே போதும். காற்றாடியை நிறுத்துங்கள். போனை மேளத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், தோலுக்கு நேரே வேண்டாம், சற்றுச் சாய்வாக. ஒவ்வொரு சொல்லையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று தட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஆறு தடவை எடுங்கள். கார்வை முழுதாக அடங்கும்வரை யாரும் பேசக்கூடாது. தட்டியவரின் பெயர், ஊர், மேளம் கட்டியவர் பெயர், திகதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அண்ணாவியாரிடமும் பாவாவிடமும் முதலில் சம்மதம் கேளுங்கள், கையில் காசும் வையுங்கள். அவர்கள் வாசிப்பு அவர்கள் உழைப்பு. வருகிற தவணை விடுமுறையில் பிள்ளைகளோடு தொடங்குகிறோம். மேளம் வீட்டில் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள், வந்து பார்க்கிறோம்.