ரேந்தையும் கடிதமும்

மன்னார்க் கடலின் வரலாறு பெரும்பாலும் முத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இதில் வியப்பொன்றுமில்லை. முத்து விலை பெறும் பொருள். விலை பெறும் பொருளுக்குக் கணக்கு உண்டு. கணக்குள்ள இடத்தில் ஏடும் உண்டு. 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் கரை சேர்ந்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு உரியது. எஞ்சிய ஒரு பங்கு குளித்தவர்க்கு உரியது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்பட்டது. இவற்றையெல்லாம் நாம் இன்று துல்லியமாக அறிகிறோம். ஆயின் அதே கரையில், அதே ஆண்டில், ஒரு தாய் தன் தங்கையின் தலைப்பிள்ளைக்கெனப் பின்னிய சிறு தொப்பியை எந்த அரசாங்க அறிக்கை எண்ணியது? அதனை எண்ணுவது அறிக்கையின் வேலையுமன்று.

நேயர்களே, எண்ணப்படாத அந்தச் சிறு பொருளைப் பற்றியும், அதனுடன் சென்ற கடிதத்தைப் பற்றியுமே இன்று பேச விரும்புகின்றேன்.

நூலால் ஆன பின்னல் விளிம்பை நம் நாட்டுத் தமிழர் ரேந்தை என்று வழங்குவர். இது போர்த்துக்கேய மொழியின் 'ரெந்தா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். தொண்ணூற்றெட்டு ஆண்டுக்கால ஆட்சி மன்னாரில் ஒரு கோட்டையை விட்டுச் சென்றது. நம் வீட்டுப் பேச்சிலோ அது சப்பாத்து, களிசான், லேஞ்சி, ரேந்தை முதலிய சொற்களை விட்டுச் சென்றது. கோட்டைக்குச் சிதைவு உண்டு, சொற்களுக்குச் சிதைவில்லை. தென்னிலங்கையில் காலி, வெலிகம முதலிய கரையோர ஊர்களில் சிங்களப் பெண்கள் இன்றும் செய்துவரும் ரேந்தை வேலைக்குப் 'பீரலு' என்று பெயர். அதுவும் நூல் சுற்றும் சிறு மரக்கட்டையைக் குறிக்கும் 'பில்ரோ' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபேயாகும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பீரலு முறையில் திண்டு ஒன்றின்மேல் குண்டூசிகளைக் குத்தி, பல மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேலொன்றாக மாற்றிப் பின்னுவர். இன்று நம் இல்லங்களில் பெரிதும் காணப்படும் குரோசே வேலையோ வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு வேண்டுவன நுனியில் கொக்கியுள்ள ஓர் ஊசியும் ஒரே நூலுமேயாம். ஒரு கண்ணினூடே மறு கண்ணை இழுத்து இழுத்து முழுப் பொருளையும் ஆக்குவர். இம்முறை ஐரோப்பாவில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். எனவே போர்த்துக்கேயர் நமக்குத் தந்தது சொல். கொக்கி ஊசி வந்தது அவர்கள் போய் நெடுங்காலத்தின் பின்னரே.

வலையை வாழ்வாகக் கொண்ட கரையோர மக்களுக்கு இவ்வேலை அந்நியமாகத் தோன்றியிருத்தல் இயலாது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் ஆடவர் கடற்கரையில் அமர்ந்து வலை பொத்துவதைக் காண்பவர், திண்ணையில் அமர்ந்து பெண்கள் குரோசே பின்னுவதையும் உடன் நினைவுகூர்வர். இரண்டிலும் கண்களை எண்ண வேண்டும். இரண்டிலும் எண்ணிக்கை தவறினால் வேலை கோணும்.

இந்நூல் வேலை விலைக்கு விற்கப்பட்ட இடங்களில் அதன் வரலாறு நமக்கு நன்றாகவே கிடைக்கின்றது. தென் தமிழகத்தை நோக்குவோம். நாகர்கோயிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் தம் பாடசாலைப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அப்பெண்களுள் அடிமைக் குடும்பங்களிற் பிறந்தோர் பலர் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இலேயே ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கு இருந்தனர். மார்த்தா அம்மையாரின் மகள் எலிசா, 1844இல் அறிஞர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்று, அங்கும் இத்தொழிலை வளர்த்தார். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது குரோசே வேலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது.

ஆயின் விலை எப்பொழுதும் விடுதலையைத் தருவதில்லை. ஆந்திர நாட்டு நரசாபுரத்தில் குரோசே பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்களின் பின்னல் வெளிநாட்டுச் சந்தைகளுக்குச் சென்றது. அவர்களோ வீட்டில் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டு, மிகச் சொற்பக் கூலி பெற்றனர். செய்த வேலையை வேலையென்று பிறர் ஒப்பாவிடின் கூலியும் குறையும், வரலாறும் குறையும் என்பதை இது காட்டுகின்றது.

விலைக்கு விற்ற வேலைக்கே இந்நிலையெனின், பரிசாகக் கொடுத்த வேலையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மன்னாரில் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். ஓரில்லத்தில் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிப்பர். ஓரில்லத்தில் ஞானஸ்நானத்துக்கு வெண்ணுடை அணிவிப்பர். ஓரில்லத்தில் ஏழாம் நாள் பெயர் சூட்டுவர். சடங்குகள் வேறாயினும், பிள்ளை பார்க்க வெறுங்கையோடு செல்லலாகாது என்னும் மரபு மூவர்க்கும் பொது. தொப்பி, காலுறை, ரேந்தை வைத்த சட்டை, போர்வை முதலியவற்றைப் பின்னுவோர் பிள்ளை பிறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்குவர். பிள்ளையோ சில திங்களில் வளர்ந்துவிடும். உடை அடுத்த பிள்ளைக்குப் போகும். பின்னர் பெட்டிக்குப் போகும். யார் பின்னியது, யாருக்காகப் பின்னியது என்பதைச் சொல்ல ஒரு மூதாட்டி உள்ளவரை அது குடும்ப வரலாறு. அவருக்குப் பின் அது வெறும் பழந்துணி.

அதனைப் பழந்துணியாகாமற் காப்பது கடிதமே. அறிக்கை சொல்லாததைக் கடிதம் சொல்லும் என்பதற்கு இக்கரையிலேயே சான்று உண்டு. 1906ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வூல்ப், தம் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு இலங்கையிலிருந்து தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். அவருடைய தனிமையையும் மனச்சோர்வையும் நாம் அறிவது கச்சேரி ஏடுகளாலன்று. நண்பருக்கு எழுதிய அக்கடிதங்களாலேயே. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் வரலாறும் அத்தகையதே. அவர் 1833இல் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கணவர் தொகுத்து 1835இல் நூலாக்கினார். ஒரு பாடசாலையின் தொடக்கத்தையும், பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் துயரையும் ஒரே ஏட்டில் நாம் காண்பது அதனாலேயாகும்.

நம் தாய்மாரும் கடிதம் எழுதினர். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிக்குச் சென்ற கப்பலோடு இணைந்த தபால் வழி நம் தீவின் ஊடாகவே ஓடியது. பிள்ளை பிறந்த செய்தியும், பார்க்க வரவியலாத உறவினரின் வாழ்த்தும் இக்கடல் வழியே இரு கரைகளுக்கும் சென்றன. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்துக்கு நடந்த கப்பற் சேவையும் 1980களில் நின்றது.

அதன்பின் வந்தவை இடப்பெயர்வின் ஆண்டுகள். 1990இல் படகேறித் தமிழகம் சென்றோர் பலர். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இத்தீவிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். 2007 முதல் 2009 வரை பெருநிலப் பரப்பின் மக்கள் ஊரூராக அலைந்தனர். ஓடும்போது மனிதர் முதலில் எடுப்பது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையுமே. அது முறையே. எனினும் உறுதி தொலைந்தால் அதன் பிரதியை அலுவலகத்தில் பெறலாம். சான்றிதழ் தொலைந்தாலும் பெறலாம். பேர்த்திக்குப் பின்னிய தொப்பிக்கும், அதனோடு வைத்த நான்கு வரிக் கடிதத்துக்கும் பிரதி எந்தக் கச்சேரியிலும் இல்லை.

தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. கோட்டையைக் காண வருவோரும் உளர். இவற்றைக் காக்க அரசு இருக்கின்றது. பெட்டிக்குள் இருப்பதைக் காக்க வேண்டியவர் நாமே. பாடசாலை அதிபர் என்ற முறையில் யான் மாணவர்க்குக் கூறுவதையே உங்களுக்கும் கூறுகின்றேன். மனைப்பொருளியல் வகுப்பிற் குரோசே கற்கும் பிள்ளை, தன் பாட்டியிடம் சென்று, அவர் யாரிடம் கற்றார், முதலில் யாருக்குப் பின்னினார் என்று கேட்கட்டும். வீட்டிலுள்ள பழைய சட்டையொன்றோடு, பின்னியவர் பெயர், பெற்ற பிள்ளையின் பெயர், ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வைக்கட்டும். பழைய கடிதங்கள் இருப்பின், எழுதியவரின் இசைவோடு பெரியோர் வாசிக்கக் கேட்டு, பெயர்களையும் நாட்களையும் குறித்துக்கொள்ளட்டும். இனிப் புதிதாய்ப் பிறக்கும் மகவுக்குப் பரிசு பின்னுவோரும் அதனோடு ஒரு சிறு கடிதத்தை வைப்பாராக.

இதற்குப் பணம் வேண்டியதில்லை; ஒரு தாளும் ஒரு மாலை நேரமும் போதும். எட்டுக் கோடிச் சிப்பிகளின் கணக்கை அரசாங்கம் நமக்கு எழுதி வைத்தது. ஒரு தொப்பியின் கணக்கை நாம் நம் பிள்ளைகளுக்கு எழுதி வைப்போமாக.