மீனெண்ணெய்க் கரண்டியும் எங்கள் காலமும்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரைகள் வேண்டுமென்று சங்கத்தினர் கேட்டபோது, அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுதப் பலர் முன்வந்துவிட்டார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இங்கு படித்த நாங்கள் சிலர், எதை எழுதலாம் என்று மட்டக்குளியில் ஒரு தோழியின் வீட்டில் கூடிப் பேசினோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கொட் லிவர் ஒயிலில் வந்து நின்றது. பெயரைச் சொன்னதுமே எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். அறுபது வருடம் கடந்தும் அந்த மணம் மூக்கை விட்டுப் போகவில்லை.

காலை வழிபாடு முடிந்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கவேண்டும். ஆசிரியையின் கையில் மஞ்சள் நிற எண்ணெய்ப் போத்தல், பக்கத்தில் சுடுநீர் நிறைந்த தகரக் கோப்பை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கரண்டி. விழுங்கிய பிறகு நாக்கில் வைக்க ஒரு சிறு துண்டு பனங்கட்டி கிடைக்கும். அந்தப் பனங்கட்டிக்காகவே இரண்டாம் தடவை வரிசையில் நின்றவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஸ்கொட்ஸ் எமல்ஷன் இருந்தது. பெரிய மீனை முதுகில் சுமந்து நிற்கும் மனிதனின் படம் போட்ட போத்தல் அது. அதைக் குடித்தவர்கள் தங்களை ஒருபடி மேலாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணெய் எங்களிடம் வந்த பாதை நீண்டது. நோர்வேயின் வடக்கே லொபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் கொட் மீன் திரளாகப் பிடிபடும். அதன் ஈரலைப் பீப்பாய்களில் போட்டு அழுகவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளுவதே பழைய முறை. அது கறுத்து நாறும். 1854 அளவில் பீற்றர் மொல்லர் என்ற நோர்வே மருந்தாளர், புதிய ஈரலை நீராவியால் சூடாக்கித் தெளிந்த எண்ணெய் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பின்னர் 1870களில் நியூயோர்க்கில் ஸ்கொட், பௌன் என்ற இருவர் அந்த எண்ணெயைப் பால்போலக் கலக்கி, குடிக்கத்தக்கதாக விற்கத் தொடங்கினார்கள். மீன் சுமந்த மனிதன் உலகம் சுற்றியது அப்படித்தான்.

எண்ணெய் ஏன் வேலை செய்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. 1913 இல் அமெரிக்காவில் மக்கொலமும் மார்கரட் டேவிசும், சில கொழுப்புகளில் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார்கள். அதுவே விற்றமின் ஏ. முதலாம் உலகப்போர் முடியும் காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி, எலும்பு வளையும் ரிக்கெற்ஸ் நோயை நாய்க்குட்டிகளில் உண்டாக்கி, அதைக் கொட் லிவர் ஒயிலால் தடுத்துக் காட்டினார். 1922 இல் மக்கொலம் இன்னொரு படி சென்றார். எண்ணெயைச் சூடாக்கிக் காற்றூட்டி அதிலுள்ள ஏயை அழித்த பின்னும் அது எலும்பு நோயைக் குணப்படுத்தியது. ஆகவே உள்ளே வேறொன்றும் இருக்கவேண்டும். அதற்கு விற்றமின் டி என்று பெயரிட்டார்கள்.

புகைமூட்டமும் இருண்ட தெருக்களும் நிறைந்த ஐரோப்பிய நகரங்களுக்கு டி பெரும் வரம். காக்கைத்தீவுக் கடற்கரையில் வெயில் காய்ந்து வளர்ந்த எங்களுக்குக் குறைவாயிருந்தது பெரும்பாலும் ஏ.

இதைச் சொல்ல எங்கள் கொழும்பிலேயே ஒருவர் இருந்தார் என்பதை நாங்கள் மிகவும் பிந்தித்தான் அறிந்தோம். இங்குள்ள பற்றீரியவியல் நிறுவகத்தின் பணிப்பாளராயிருந்த டொக்டர் லூசியஸ் நிக்கல்ஸ், 1933 இல் ஒரு தோல் நிலையை விவரித்து, அதற்குத் தேரைத்தோல் என்று பொருள்படும் 'பிரினோடெர்மா' என்ற பெயரைக் கொடுத்தார். முழங்கையின் பின்புறம், முழங்கால், தொடை ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் அடைபட்டு, முள்முள்ளாகத் தடித்து, தோல் அரம்போல் சொரசொரக்கும். அடுத்த ஆண்டிலேயே இலங்கையில் இந்த நிலையும் வாய்ப்புண்ணும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று ஆராய்ந்து எழுதினார். இது தொற்றுநோயல்ல, உணவுக் குறைவு என்பதே அவர் சொன்ன சேதி. அதே காலத்தில் உகண்டாவில் சிறைக்கைதிகளுக்கு இப்படிப்பட்ட தோல் வந்தபோது கொட் லிவர் ஒயில் கொடுத்துக் குணமாக்கினார்கள். வாய்ப்புண்ணுக்குக் காரணம் பி வகை விற்றமின் குறைவு என்பதும், தேரைத்தோலுக்கு ஏ மட்டுமன்றி நல்ல கொழுப்புகளும் பி வகை விற்றமின்களும் குறைவது காரணமாகலாம் என்பதும் பின்னர் தெளிவாயின.

இதை வாசித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பில் எங்களோடு ஒரு பிள்ளை படித்தாள். முகத்துவாரப் பக்கமிருந்து நடந்து வருவாள். அவளுடைய கைகள் அப்படித்தான் சொரசொரத்திருந்தன. சொறி என்று நாங்கள் சொன்னோம். அவளோடு ஒரே வாங்கில் இருக்க மறுத்தோம். எங்கள் வீட்டார் சிலரும் வந்து முறையிட, அவளுக்குக் கடைசியில் தனி வாங்கு போடப்பட்டது. ஒரு ஆசிரியை மட்டும் மீனெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து தினமும் அவளுடைய முழங்கைகளில் தடவிவிடுவார். அந்த மணத்துக்காக அவளைக் 'கருவாடு' என்றும் அழைத்தோம். அடுத்த தவணை அவள் வரவில்லை. அவள் காலையில் எதுவும் உண்ணாமல் வந்தவள் என்பதை எங்களில் ஒருத்தி அப்போதே அறிந்திருந்தாள். ஆனால் பசிக்கும் தோலுக்கும் தொடர்புண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிக்கல்ஸ் எழுதி இருபது வருடத்துக்கு மேலாகியும், சில மைல் தூரத்திலிருந்த எங்கள் வகுப்பறைக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

எண்ணெயைத் தோலில் பூசுவது வீண் வேலையல்ல. 1934 இல் ஜெர்மனியில் லோர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தீக்காயங்களுக்கும் ஆறாத புண்களுக்கும் கொட் லிவர் ஒயில் களிம்பைப் பயன்படுத்தி எழுதினார். துத்தநாக ஒட்சைட்டோடு அதைச் சேர்த்த களிம்புகள் குழந்தைகளின் அரையில் வரும் சிவப்புக்கு இன்றும் பூசப்படுகின்றன. தோல் மென்மையாகும், ஈரத்திலிருந்து காக்கப்படும். ஆனால் உள்ளே இருக்கும் குறையைப் பூச்சு மட்டும் தீர்க்காது. அந்த ஆசிரியையின் கை செய்தது பாதி. மீதிப் பாதி அந்தப் பிள்ளையின் தட்டில் இருந்திருக்கவேண்டும்.

தட்டை நிரப்ப நோர்வேவரை போகவும் தேவையில்லை. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நோர்வேயைப் பிடித்ததும் இந்தப் பக்கத்துக்குக் கொட் லிவர் ஒயில் வருவது தடைப்பட்டது. அப்போது சென்னை மாகாண அரசாங்கம் கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. சுறா ஈரலில் ஏ மிக அதிகம். நம் கரையோரங்களில் சுறா எண்ணெயை மரத் தோணிகளுக்குப் பூசுவது பழைய வழக்கம். தோணிக்குக் கிடைத்தது பிள்ளைக்குக் கிடைக்கவில்லை! முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, மஞ்சள் பூசணி, பப்பாசி எல்லாவற்றிலும் உடல் ஏயாக மாற்றிக்கொள்ளும் சத்து உண்டு. கீரையைச் சிறிது தேங்காய்ப்பாலோடு சமைத்தால் அது நன்றாக உடலில் சேரும். எங்கள் ஆச்சிமாரின் பாற்கறி காரணமில்லாமல் வந்ததல்ல.

இளைய தங்கைமாருக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒரு தேக்கரண்டி கொட் லிவர் ஒயிலில் ஏறத்தாழ 4500 அலகு விற்றமின் ஏயும் 450 அலகு டியும் இருக்கும். இவை உடலில் தங்கிச் சேரும் சத்துகள். நல்லதென்று இரண்டு மூன்று கரண்டி குடிப்பது ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கு அளவு மீறிய ஏ, வயிற்றிலுள்ள பிள்ளைக்கே தீங்காகலாம். ஆகவே அவர்கள் ஈரல் எண்ணெய்களைத் தவிர்க்கவேண்டும். குழந்தைகளுக்குக் கொடுப்பதானாலும் டொக்டரைக் கேட்டே கொடுங்கள்.

2022 இன் நெருக்கடியில் நாட்டின் பல பாடசாலைகளில் பிள்ளைகள் பசியோடு வந்தார்கள் என்று செய்தி வந்தபோது, எங்களுக்கு அந்தக் கடைசி வாங்குதான் நினைவில் வந்தது. நூற்றாண்டு நினைவாகக் கல்வெட்டு நாட்டுவதும் மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதும் நல்லவையே. அவற்றோடு, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாளாவது கீரையும் முட்டையும் சேர்ந்த காலை உணவு கொடுக்க எமது வகுப்புத் தோழியர் சார்பில் ஒரு சிறு தொகையைச் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். மற்ற வகுப்பினரும் சேர்ந்தால் அது தொடரும்.

அந்தத் தோழி இன்று எங்கிருக்கிறாள் என்று தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. இந்த மலர் எப்படியாவது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அவளுடைய வாங்கில் வந்து இருக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதை அறிவாளாக.