பாட்டின் வாலில் 128 பைட்

கையடக்க எம்பி3 பிளேயரின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாகக் கருவியிலிருந்தே தொடங்குவார்கள். 1998-இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் கொண்டுவந்த எம்பிமேன், அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனம் விற்ற ரியோ, 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிவித்த ஐபாட் என்று வரிசை போகும். 32 எம்பி நினைவகம் மூன்றே ஆண்டில் 5 ஜிபி ஆன கதையாக அது முடியும். அந்தக் கதையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கருவி சட்டைப்பைக்குள் போவதற்கு முன்பு மேசையில் நடந்த வேலையை அது தொடுவதே இல்லை. சிடியிலிருந்து பாட்டை எடுக்க வேண்டும், சுருக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும், பிறகு ஏற்ற வேண்டும். இந்த நான்கில் பெயர் எழுதுவதுதான் அற்பமான வேலையாகத் தோன்றியது. ஆனால் எந்தப் பாட்டு தேடினால் கிடைக்கும், யாருடைய பெயர் பாட்டோடு கூடவே போகும் என்பதைக் கோப்போடு ஒட்டிய அந்தப் பெயர்ச் சீட்டுதான் தீர்மானித்தது. தமிழ்த் திரைப்பாடலில் அது பாட்டெழுதியவரை வெளியே நிறுத்திவிட்டது என்பது என் வாதம்.

இதன் வேர் சிடியிலேயே இருக்கிறது. 1980-இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த இசைத்தட்டு விதிகளில் ஒலிக்கு இடம் இருந்தது, பாட்டின் பெயருக்கு இல்லை. பெயரை உறையில் அச்சிட்டால் போதும் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அது சரியான நினைப்புதான். கணினி சிடியைப் படிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. எந்தத் தட்டைப் போட்டாலும் முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று எண்கள் மட்டுமே திரையில் தெரிந்தன. டி கானும் ஸ்டீவ் ஷெர்ஃபும் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு தட்டில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்ற கணக்கை வைத்தே அந்தத் தட்டை அடையாளம் கண்டு, யாரோ ஒருவர் ஏற்கெனவே தட்டச்சு செய்து அனுப்பிய பெயர்களைக் காட்டும் சிடிடிபி என்ற பொதுப் பட்டியல் அது. உலகெங்கும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சம்பளம் இல்லாமல் அதை நிரப்பினார்கள். பிறகு அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமாகி, 2008-இல் 26 கோடி டாலருக்குச் சோனியிடம் போனது. உழைப்பைக் கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை. அந்த மனக்கசப்பிலிருந்துதான் மியூசிக்பிரெயின்ஸ் போன்ற திறந்த பட்டியல்கள் பிறந்தன.

எம்பி3 கோப்பும் பெயர் இல்லாமலேதான் பிறந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் உடன் உழைத்தவர்களும் மனிதக் காதின் இயல்பை நுணுகி ஆராய்ந்தார்கள். காதுக்கு எட்டாத பகுதிகளைக் கழித்தால் நொடிக்கு 1,411 கிலோபிட் எடுக்கும் சிடி ஒலியை 128 கிலோபிட்டில் அடக்கலாம் என்று காட்டினார்கள். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 42 எம்பியிலிருந்து 4 எம்பிக்கும் கீழே இறங்கியது. ரியோவின் 32 எம்பியில் எட்டுப் பாட்டு கொள்ளும். காதைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள் பெயரைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் குறையை 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் நிரப்பினார். கோப்பின் கடைசியில் அவர் ஒட்டிய ஐடி3 என்ற சீட்டின் மொத்த அளவு 128 பைட். அடையாளத்துக்கு 3, பாட்டின் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1. வாலில் ஒட்டியதற்கும் காரணம் உண்டு. இந்தச் சீட்டை அறியாத பழைய மென்பொருள் அதையும் இசை என்று எண்ணி வாசித்தால் பாட்டு முடிந்த பிறகு ஒரு சிறு கரகரப்பு மட்டும் கேட்கும், பாட்டு கெடாது. மிகக் கண்ணியமான ஏற்பாடு அது. அதே நேரத்தில், அமெரிக்க இசைத்தட்டுக் கடை தன் அலமாரியை எப்படி அடுக்கியதோ அதே அடுக்குதான் இது. கலைஞர், அவர் வெளியிட்ட ஆல்பம், அதில் ஒரு பாட்டு. இசைவகைப் பட்டியலில் இருந்த 80 பெயர்களில் ப்ளூஸ், கன்ட்ரி, ராக் எல்லாம் உண்டு. கர்நாடக இசை இல்லை.

தமிழ்த் திரைப்பாடலுக்கு வேறொரு அடுக்கு இருந்தது. திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையோ பழைய இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளையோ நினைத்துப் பாருங்கள்: படத்தின் பெயர், பாடியவர்கள், இசை, பாடல் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். இந்த நான்கையும் ஐடி3-யின் மூன்று கட்டங்களுக்குள் திணிக்க வேண்டியிருந்தது. படத்தின் பெயர் எளிதாக ஆல்பத்தில் போய் உட்கார்ந்தது. கலைஞர் யார்? ஒருவர் இளையராஜா என்று எழுதினார். இன்னொருவர் அதே படத்துக்குப் பாடகர் பெயரை எழுதினார். ஆங்கில எழுத்தில் எழுதியதால் இளையராஜாவே எழுத்துக்கூட்டலுக்கு ஒருவராகப் பிரிந்தார். யேசுதாஸ் சில கோப்புகளில் ஜே எழுத்திலும் சிலவற்றில் ஒய் எழுத்திலும் தொடங்கினார். நம் முதலெழுத்து வழக்கம் இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. எஸ். பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் அகர வரிசையில் எஸ் என்ற ஒரே குவியலில் விழுந்தார்கள். இருவரும் சேர்ந்து பாடினால் கருவிக்கு அது மூன்றாவது ஒரு கலைஞர். பாலசுப்ரமணியம் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறைப்படி இருவர் பெயரையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 30 பைட் தீரும்போது ஜானகியின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மிஞ்சி நிற்கும். தமிழில் எழுதினால் இன்னும் இறுக்கம். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்ற பாடலாசிரியரின் பெயர் ஆங்கில எழுத்தில் 28 பைட்டில் அடங்கிவிடும். தமிழில் எழுதினால் ‘பட்டுக்கோட’ என்பதோடு சீட்டு முடிந்துவிடும். அதிலும் அவர் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதற்கே விடை இல்லை. பாட்டெழுதியவருக்கு என்று ஒரு கட்டம் அந்த 128 பைட்டில் எங்கும் இல்லை.

1998-இலேயே ஐடி3-யின் இரண்டாம் வடிவம் வந்துவிட்டதே, அதில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். நீளத் தடையும் அதோடு தீர்ந்தது, யுனிகோடும் வந்தது. ஆனால் கோப்புக்குள் இடம் இருப்பது வேறு, கருவியின் திரையில் அது தென்படுவது வேறு. எவரும் பார்க்காத கட்டத்தை எவரும் நிரப்புவதில்லை. ஐபாடின் பட்டியலில் கலைஞர், ஆல்பம், பாட்டு, இசைவகை, இசையமைப்பாளர் என்ற வரிசைகள் இருந்தன. பாடலாசிரியர் வரிசை கிடையாது. பாட்டை ஏற்றப் பயன்பட்ட ஐட்யூன்ஸ் மென்பொருளிலும் அவருக்குத் தனிக் கட்டம் இல்லை. இந்தப் பட்டியல் முறையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. படிப்படியாக உள்ளே இறங்கிப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வழிக்குச் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. அதைக் குறித்து எழுந்த வழக்கைத் தீர்க்க ஆப்பிள் 2006-இல் கொடுத்த தொகை 10 கோடி டாலர். ஐபாடின் சக்கரத்தையும் வெள்ளை வயரையும் புகழ்கிற வரலாறுகள் இந்தத் தொகையை அதிகம் பேசுவதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் ஐபாட் வைத்திருந்தார்கள்? பெரும்பாலானோர் பாட்டுக் கேட்டது மலிவான சீனக் கருவியிலும் மெமரி கார்டு போட்ட செல்போனிலும்தான். கார்டைச் செல்போன் கடையில் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். அதற்கு முந்தைய தலைமுறை பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்கிய வழக்கத்தின் நேர் வாரிசு அது. அங்கே சீட்டை யார் பார்த்தார்கள், ஃபோல்டர்தானே எல்லாம் என்பது நியாயமான கேள்வி. என் வாதத்துக்கு மிகப் பெரிய ஆதாரமாக நான் கருதுவதும் இதைத்தான். ஃபோல்டருக்கு முன்கூட்டியே வகுத்த கட்டம் கிடையாது, கடைக்காரர் விரும்பிய பெயரை வைக்கலாம். அதனால் அவர் நம் அடுக்கின்படியே வைத்தார்: படத்தின் பெயருக்கு ஒன்று, இளையராஜா ஹிட்ஸ் என்று ஒன்று, கண்ணதாசன் தத்துவப் பாடல்கள் என்று ஒன்று. கேசட் காலத்தில் கவிஞர் பெயரில் தொகுப்பு கேட்டு வாங்கிய ரசனை ஃபோல்டரில் உயிரோடு இருந்தது. கோப்பைத் திறந்து அதன் சீட்டைப் பார்த்தால் நிலைமை வேறு. பாட்டை இலவசமாக இறக்கித் தந்த இணையதளங்கள் பாடகர் இடத்திலும் ஆல்பம் இடத்திலும் தங்கள் முகவரியையே எழுதி வைத்திருந்தன. பாடகர் பெயர் தெரிய வேண்டிய சிறு திரையில் அந்த முகவரி ஓடியது. உரிமை இல்லாத நகல் என்பது ஒரு குற்றம். உழைத்தவர் பெயரை அழித்து அந்த இடத்தில் தன் பெயரை எழுதுவது அதன்மேல் இன்னொரு குற்றம்.

இப்போது எல்லாமே தேடுபொறிதான், பாட்டின் முதலடியைத் தட்டினால் வந்துவிடுகிறது, பழைய சீட்டுக்காக ஏன் வருந்த வேண்டும் என்றும் கேட்பார்கள். முதலடி தெரிந்தவருக்கு எல்லாம் கிடைக்கும் என்பது சரி. ஒரு கவிஞரின் மற்ற பாடல்களைத் தேடுபவருக்கு அவர் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். இணையவழி இசைச் சேவைகள் கருவியைக் கைவிட்டன. கருவியின் கட்டங்களைக் கைவிடவில்லை. பாட்டு, கலைஞர், ஆல்பம் என்ற அதே மூன்றுதான் முதல் திரையில் தெரிகிறது. பாட்டை எழுதியவர் பெயரைக் காட்டும் வசதியை ஸ்பாட்டிஃபை சேர்த்தது 2018-இல். அதையும் தனியே தொட்டுத் திறந்துதான் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், படத்துக்கு எழுதிய பாட்டு திரையரங்குக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் உரிமைத்தொகையில் பாடலாசிரியரின் பங்கைப் பறிக்க முடியாதபடி உறுதி செய்தது. சட்டம் அவரைப் படைப்பாளி என்று இவ்வளவு அழுத்தமாக ஏற்ற பிறகும் திரை அவரை இரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறது.

ஐபாட் வரிசையை ஆப்பிள் 2022 மே 10 அன்று நிறுத்திக்கொண்டது. அந்தக் காலத்துக் கோப்புகள் வீடுகளில் பழைய ஹார்டு டிஸ்குகளிலும் மெமரி கார்டுகளிலும் இன்னும் கிடக்கின்றன. சீட்டைத் திருத்தும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஐடி3-யின் இரண்டாம் வடிவத்தில் பாடலாசிரியருக்கு ஒதுக்கிய கட்டத்தின் குறிப்பெயர் டி, ஈ, எக்ஸ், டி என்ற நான்கு எழுத்து. பாடகர் கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இணைய முகவரியை அழிக்கும்போதே இந்தக் கட்டத்தையும் திறந்து பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று தமிழில் முழுதாக எழுதலாம். இங்கே 30 பைட் கணக்கு இல்லை.