பிராட் வீதியின் கற்சிலுவை

ஆக்ஸ்போர்டு நகரில் இறையியல் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது 1978ஆம் ஆண்டில். அங்குச் சென்ற முதல் வாரத்திலேயே பாட்லியன் நூலகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. புதிதாகச் சேருகிறவர் ஓர் உறுதிமொழியை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது அந்நூலகத்தின் நெடுநாள் வழக்கம். நூல்களுக்குச் சேதம் விளைவிப்பதில்லை என்பதோடு, நூலகத்திற்குள் நெருப்பைக் கொண்டுவருவதில்லை, மூட்டுவதுமில்லை என்றும் அதில் உண்டு. எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றிற்று. நான் தங்கியிருந்த அறையிலோ காசு போட்டால்தான் கணப்பு எரியும். காசு தீர்ந்தால் கம்பளிக்குள் புகுந்துகொள்ள வேண்டியதே. நூலகத்திற்குக் கொண்டுசெல்லும் அளவுக்கு நெருப்பு என்னிடம் ஏது!

அந்நகரில் நெருப்பைப் பற்றிப் பேசுவது வேடிக்கையன்று என்பதை அறிய எனக்கு ஓராண்டு சென்றது. நாள்தோறும் மிதிவண்டியில் பிராட் வீதி வழியாக நூலகத்திற்குச் செல்வேன். பேலியல் கல்லூரிக்கு எதிரே, வீதியின் நடுவில், கற்களால் பதிக்கப்பட்ட ஒரு சிலுவை உண்டு. அதன்மீது எத்தனை முறை மிதிவண்டியை ஓட்டிச் சென்றிருப்பேனோ! நகர மதிலுக்குப் புறத்தே அகழியாயிருந்த அவ்விடத்தில்தான் 1555 அக்டோபர் 16ஆம் நாள் ஹியூ லாட்டிமரும் நிக்கலஸ் ரிட்லியும் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டு எரிக்கப்பட்டனர். லாட்டிமர் விரைவில் உயிர் துறந்தார். விறகு சரியாக அடுக்கப்படாமையால் ரிட்லி நெடுநேரம் வேதனைப்பட்டார். வடக்கு வாயிலில் இருந்த பொக்கார்டோ சிறையிலிருந்து பேராயர் கிரான்மர் இதைக் கண்டார் என்பர். ஐந்து மாதங்களுக்குப் பின், 1556 மார்ச் 21ஆம் நாள், அவருடைய முறை வந்தது. ஏற்கெனவே பலமுறை தம் கொள்கையை மறுத்துக் கையொப்பமிட்டிருந்த அவர், புனித மரியாள் ஆலயத்தில் கூடியிருந்தோர் முன் அம்மறுப்புகளை மறுத்தார். கையொப்பமிட்ட வலக்கரத்தையே முதலில் நெருப்பில் நீட்டினார்.

சீர்திருத்தத் திருச்சபையில் வளர்ந்த நமக்கு இவை சிறுவயது முதல் கேட்டுப் பழகிய செய்திகள். அக்காலத்தில் அங்கு வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதி ஆசிரியர் முன் உரக்க வாசிக்க வேண்டும். லாட்டிமரைப் பற்றி மிகுந்த உருக்கத்தோடு எழுதி வாசித்தேன். அவர் ரிட்லியை நோக்கி மெழுகுதிரியைக் குறித்துக் கூறியதாக நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியத்தையும் சேர்த்திருந்தேன். ஆசிரியர் இரண்டே வினாக்களை எழுப்பினார். அவ்வாக்கியம் ஜான் ஃபாக்ஸ் 1563இல் வெளியிட்ட முதற்பதிப்பில் உள்ளதா என்பது ஒன்று. இல்லை, 1570ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது முதன்முதலில் வருகிறது. மற்றொன்று: “1538இல் லாட்டிமர் என்ன செய்துகொண்டிருந்தார்?”

விடை எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில்தான் தேடிக் கண்டேன். 1538 மே மாதத்தில் இலண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஜான் பாரஸ்ட் என்னும் பிரான்சிஸ்கன் துறவி எரிக்கப்பட்டார். அரசி கேத்தரினுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவாயிருந்தவர் அவர். சங்கிலியில் தொங்கவிடப்பட்ட அவருக்குக் கீழே, வேல்ஸ் நாட்டு ஆலயம் ஒன்றிலிருந்து கொணர்ந்த மரச்சிலையும் விறகாயிற்று. எரிப்பதற்குமுன் அவருக்கும் கூட்டத்திற்கும் பிரசங்கம் செய்தவர் அப்பொழுது உஸ்டர் பேராயராயிருந்த லாட்டிமர். பாரஸ்ட் மனம் மாறக்கூடும் என்று நம்பி, மேடை அவருக்கு அருகில் அமையட்டும் என்று கிராம்வெல்லுக்கு அவர் எழுதிய கடிதமும் உண்டு. பாரஸ்ட் மாறவில்லை. 1550இல் ஜோன் போச்சர் என்னும் பெண், கிறிஸ்துவின் மானிட சரீரத்தைப் பற்றிய மாறுபட்ட கொள்கைக்காக எரிக்கப்பட்டாள். அவளோடு வாதிட்டுத் தோற்றவர்களுள் கிரான்மரும் ரிட்லியும் இருந்தனர்.

அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. என் கட்டுரை பொய்யென்று சொல்ல முடியாது, ஆனால் பாதி.

அதன்பின் அந்நகரம் எனக்கு வேறாகத் தெரிந்தது. நான் அமர்ந்து படித்த பழைய கூடத்தின் கீழேதான் மூன்று பேராயர்களும் விசாரிக்கப்பட்ட இறையியல் மண்டபம் உள்ளது. அதே மேற்கூடத்தில் ஹம்ப்ரி கோமகன் சேர்த்து வைத்த நூல்களை, ‘ரோமச் சாயல்’ அகற்றும் ஆர்வத்தில் 1550இல் அப்புறப்படுத்தியவர்கள் நம்மவர். பாட்லி அதைச் செப்பனிட்டு 1602இல் மீண்டும் திறக்கும்வரை அங்கு நூலகம் இயங்கவில்லை. 1589இல் ஹோலிவெல் பகுதியில் இரண்டு ரோமக் குருமார்களும் அவர்களுக்கு உதவிய இரண்டு பொதுநிலையினரும் கொல்லப்பட்டனர். 1683இல் மில்டன், ஹாப்ஸ் ஆகியோரின் நூல்களைப் பல்கலைக்கழகமே தன் முற்றத்தில் கொளுத்திற்று.

புனித கைல்ஸ் வீதியில் வானளாவ நிற்கும் இரத்தசாட்சிகள் நினைவுச்சின்னமும் அத்தனை எளிமையானதன்று. அது 1843இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. கீபிளின் 1833ஆம் ஆண்டுப் பிரசங்கத்திற்குப்பின் நியூமன் முதலியோரின் இயக்கம் வளர்ந்தபோது, அதற்கு மறுமொழியாக எழுந்த கல் அது. (அது நிலத்தடியில் புதைந்த ஆலயத்தின் கோபுரம் என்று வெளியூராரை ஏமாற்றுவது மாணவர்களின் பழைய குறும்பு. அதில் ஏமாந்தவர்களுள் நானும் ஒருவன்.)

ஞாயிறு பிற்பகல்களில் அங்கிருந்து வால்ட்டன் வீதிக் கல்லறைத் தோட்டத்திற்கு நடந்து செல்வேன். 1908இல் மறைந்த ஜி. யு. போப் ஐயர் துயிலுமிடம் அது. அந்நெருப்பில் கருகியவை என்று காட்டப்படும் கதவுகள் தொங்கும் பேலியல் கல்லூரியில்தான் அவர் சிற்றாலயக் குருவாயிருந்தார். எண்பதாம் வயதில், 1900இல், தம் திருவாசக மொழிபெயர்ப்பை அந்நகரிலேயே வெளியிட்டார். ஊர் ஏக்கம் மிகுந்த நாள்களில் அந்தக் கல்லின் அருகே தமிழில் சிறிது நேரம் பேசிவிட்டுத் திரும்புவேன். யாரும் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன்.

2011இல் மீண்டும் ஒருமுறை அங்குச் செல்ல நேர்ந்தது. என் ஆசிரியர் அதற்குமுன்பே காலமாகிவிட்டார். கிரான்மர் நின்ற புனித மரியாள் ஆலயத்தில், 2008இல் திறக்கப்பட்ட ஒரு கல்வெட்டைக் கண்டேன். இரு தரப்பிலும் கொல்லப்பட்ட 23 பேரின் பெயர்கள், இன்னார் இந்தத் தரப்பு என்று பிரிக்காமல் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயராக வாசித்தேன். வெளியே வந்து பிராட் வீதிக்குச் சென்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சிலுவையின் அருகில் சற்று நின்றேன். தாமதமாகிவிட்ட ஒரு மாணவன், தோளில் நூற்பையுடன், அதன்மீது மிதிவண்டியை ஓட்டிக்கொண்டு நூலகத்தை நோக்கி விரைந்தான்.