முகவரியால் அளக்கப்பட்ட வறுமை: இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியின் வரலாறு

இலங்கையில் உயர்கல்வி தொடங்கிய காலத்தில் அதன் வாசலில் இருந்த பூட்டு பணம் மட்டுமன்று, மொழியும்தான். 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகப் பட்டப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்செய்தது. அப்பரீட்சைகளுக்கு வேண்டிய ஆங்கிலத்தைக் கற்பித்தவையோ கட்டணம் வாங்கிய ஆங்கிலப் பாடசாலைகள். சிங்களத்திலோ தமிழிலோ கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே படித்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவனுடைய படிப்பு கிராமத்து ஆசிரியர் வேலைக்கு அப்பால் செல்வது அரிதாக இருந்தது. 1942இல் இக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானபோது, நாடு முழுவதற்கும் இருந்த ஒரே பல்கலைக்கழகத்தில் மாணவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை.

கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்ற கொள்கை 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, நல்ல பாடசாலையே கிராமத்துக்கு வர வேண்டும் என்று கன்னங்கரா கருதியதால், நாட்டுப்புறங்களில் ஆய்வுகூடம், நூலகம், விடுதி ஆகியவற்றுடன் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுப்பப்பட்டன. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளை அரசின் செலவில் அவ்விடுதிகளில் தங்கிப் படித்தது. இலவசக் கல்வி என்னும் பெரிய சொல்லுக்கு உடலும் உயிரும் கொடுத்தவை இவ்விடுதிகளே எனலாம். இச்சீர்திருத்தத்தின் வெளிச்சம் எட்டாமல் போன இடம் தேயிலைத் தோட்டம். தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலிருந்த தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டன. 1970களில்தான் அவை அரசின் கைக்கு வந்தன.

1960 முதல் கலைப் பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் பல்கலைக்கழகத்தில் படிக்க முடிந்ததும் கிராமத்து மாணவர் பெருந்தொகையாக உள்ளே வந்தனர். ஆயினும் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்த இயலாது. ஆகவே வறிய மாணவருக்குத் திறந்தது கலைப் பீடத்தின் கதவு மட்டுமே, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனவர்கள் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களின் பழைய பாடசாலைகளிலிருந்தே வந்தனர். கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு வேலை இல்லை என்ற கசப்பும் 1971 ஏப்ரலில் அரசுக்கு எதிராக எழுந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பின்னணியாக இருந்த காரணங்களில் ஒன்று.

இந்நிலையில் அரசு கைக்கொண்ட பரிகாரமே தமிழர் நினைவில் ஆறாத வடுவாக நிற்கும் தரப்படுத்தல். ஒரு மொழியில் எழுதியவர் பெற்ற புள்ளிகளை இன்னொரு மொழியில் எழுதியவரின் புள்ளிகளோடு சமப்படுத்துவதாகச் சொல்லி, மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளை, அதாவது அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளிகளை, வகுக்கும் முறை இது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்கு மொத்தம் 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாக இருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. பொறியியலுக்கு அவை முறையே 227, 250. வறுமையை இக்கணக்கு எங்கும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வன்னியில் குளத்தை நம்பி வாழும் உழவரின் மகன், கொழும்பில் வசதியான வீட்டிலிருந்து வந்த சிங்கள மொழிமூல மாணவனைவிட 21 புள்ளிகள் கூடுதலாக எடுத்தால்தான் மருத்துவம் படிக்கலாம் என்ற ஏற்பாட்டை ஏழைக்கான சலுகை என்று எவ்வகையிலும் சொல்ல இயலாது.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையானது. இரண்டையும் தரப்படுத்தல் என்ற ஒரே பெயரால் சுட்டும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் மக்கள் தொகைக்கு ஏற்ப இடங்கள் பங்கிடப்பட்டதால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. கண்டிப் பகுதிக் கிராமங்களும், அவற்றோடு மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார், வவுனியா ஆகியவற்றின் தமிழ், முஸ்லிம் மாணவரும் பெற்றனர். 1969இல் பொறியியல் பீடத்துக்குப் புகுந்தவரில் ஏறக்குறைய பாதியாக இருந்த தமிழரின் பங்கு 1974இல் ஆறில் ஒன்றாக இறங்கியது என்பதும், அதுவரை விஞ்ஞானப் பீடங்களின் வாசலையே கண்டிராத மாவட்டங்களிலிருந்து மாணவர் வரத் தொடங்கினர் என்பதும் அக்காலத்து அனுமதி மாற்றங்களின் இரு பக்கங்கள். மாவட்ட ஒதுக்கீட்டு முறையின் உண்மையான ஓட்டை மலையகத்தில் இருந்தது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு இடங்களைக் கணக்கிடும்போது தோட்டத் தொழிலாளரின் தலைகளும் எண்ணப்பட்டன. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் உயர்தர வகுப்புவரை வந்ததே அபூர்வம் என்பதால், அந்தத் தலைகளுக்காகக் கிடைத்த இடங்களில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வேறு வீட்டுப் பிள்ளைகள்.

1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு நிலைத்தது. பல மாற்றங்களுக்குப் பின் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற விகிதம் உருவாயிற்று. 2001 முதல், பாடத்துக்குப் பாடம் மாறுபடும் கடினத்தைச் சமன்செய்யும் இசட் புள்ளி என்னும் புள்ளியியல் அளவை நடைமுறையில் உள்ளது. பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று; முன்னேறிய மாவட்டம் என்று இடங்களை இழந்த மண்ணை அப்பட்டியலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது உள்நாட்டுப் போர்.

எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி குறைவோ அங்கே போய்ப் பரீட்சை எழுதும் வழக்கம் பரவியதால், பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையைக் கொண்டு மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதி வந்தது. இவ்விதி அவ்வாறு மாவட்டம் மாறுவோரைத் தடுக்கிறது. ஆனால் ஒரே மாவட்டத்தில் நகரத்துப் பெரிய பாடசாலையில் படித்துக்கொண்டு மாலையில் டியூசனுக்கும் போகும் மாணவனையும், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத உட்கிராமத்துப் பாடசாலையின் மாணவியையும் அது ஒரே தட்டில் வைத்தே நிறுக்கிறது. பெற்றோரின் வருமானம் எடைபோடப்படுவது அனுமதி கிடைத்த பின்புதான்: 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மகாபொல புலமைப்பரிசில் போன்ற உதவிகளை நாடும்போது, கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட்ட வருமானச் சான்றில் முதன்முறையாக அந்தக் குடும்பத்தின் கையிருப்பு கணக்குக்கு வருகிறது.